தளிச்சேரியின் நூறு கலம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், வெயிலில் கல் சுடுகிறது என்று ஓரமாக ஓடுகிறார்கள். வடக்குத் திருச்சுற்று மாளிகையின் வெளிச்சுவர்ப் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது. ராஜராஜ சோழனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில், வெட்டியது. ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் படியெடுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சிட்டார்.

நான் அறநிலையத் துறைக் கோயில் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். சோழர் வரலாற்றில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் பசலி ஆண்டு தவறாமல் ஊதியப் பட்டியல் போட்டவள் என்பதால், ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். யாருக்கு எவ்வளவு, யாருக்கு மேல் யார், காலியிடம் வந்தால் யார் வருவார், கடைசியாக, சாவி யாரிடம். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கல்வெட்டைப் படித்தேன்.

பட்டியலின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பெண்கள். 400 பேர். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. சோழ மண்டலத்தின் மற்றக் கோயில்களிலிருந்து, திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து, ராஜராஜன் இவர்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். கோயிலைச் சுற்றித் தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று தெருக்கள்; ஒவ்வொரு தெருவிலும் தென்சிறகு, வடசிறகு என்று இரு வரிசை வீடுகள். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. அதே சிறகில் நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் ஏகவீரி. இப்படியே 400 பேருக்கும் பெயர், வந்த கோயில், தெரு, சிறகு, வீட்டின் வரிசை. ஒரே பெயரில் இருவர் வந்தால் குழப்பமில்லை, ஊர் பிரித்துக் காட்டிவிடும். நக்கன் என்பது எல்லாருக்கும் பொதுவான முன்னொட்டு. நக்கன் சிவன், தகப்பன் பெயர் போடும் இடத்தில் அவன் பெயர்.

சம்பளப் பட்டியலில் பெண்ணின் பெயர் முழுசாக, முகவரியோடு இருப்பது சின்ன விஷயம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கோயிலில் பூத்தொடுத்த பெண்களுக்குக் கூலி எழுதும் சீட்டில் பெயரே இருக்காது. ‘பூக்கட்டும் பெண்கள்’ என்று ஒரே வரி, அதற்கு எதிரே ஒரே தொகை. அதை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். தளிச்சேரிப் பெண் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் வருவாய், ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் கல்லிலேயே போட்டுவிட்டார்கள்: ஆடவல்லான் என்ற மரக்கால், ராஜகேசரிக்குச் சமமானது. நெல்லில் கூலி வாங்கிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள், கூலியைக் குறைக்க வேண்டாம், மரக்காலைக் குறைத்தால் போதும் என்று சொல்வார்கள். அந்த வழியை இந்தக் கல்வெட்டு அடைத்துவிட்டது. 400 பேருக்கும் அதே அளவு. மூத்தவள், இளையவள், பெரிய கோயிலிலிருந்து வந்தவள், சின்னக் கோயிலிலிருந்து வந்தவள் என்ற வேறுபாடு தொகையில் இல்லை.

இது அதிகமா குறைவா என்று தெரிய, பக்கத்தில் இன்னொரு பட்டியலை வைத்துப் பார்க்க வேண்டும். அதே கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் ஓத, ராஜராஜன் 50 பேரை வைத்தான். 48 பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். அனைவரும் ஆண்கள். அவர்கள் பட்டியலும் சுவரில் இருக்கிறது. ஆளுக்கு நாளுக்கு 3 குறுணி நெல், அதே ஆடவல்லான் மரக்காலால். 12 குறுணி ஒரு கலம். 365 நாளும் ஒரு நாள் தவறாமல் ஓதினால் 91 கலமும் 3 குறுணியும் வருகிறது. தளிச்சேரிப் பெண்ணுக்கு 100 கலமும் ஒரு வீடும். தேவாரம் ஓதிய ஆணைவிட அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய 9 கலம் கூடுதல். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது நான் மறுபடியும் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அதற்காக உடனே கொடி பிடிக்க வேண்டாம். பட்டியலில் கீழே இறங்குங்கள். நட்டுவம் செய்ய 12 பேர், எல்லாரும் ஆண்கள், ஆளுக்கு 2 பங்கு. பெண்களை ஆட்டுவித்தவர், மேற்பார்த்தவர், ஆடியவளைப்போல இரு மடங்கு பெற்றார். கணக்கு எழுதியவருக்கும் 2 பங்கு. இது என் இனம் என்பதால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கீழ்க்கணக்கருக்கு முக்கால் பங்குதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிறகு வங்கியம் வாசிப்பவர், வீணை வாசிப்பவர், தமிழ் பாடுபவர், ஆரியம் பாடுபவர், சங்கு ஊதுபவர், விளக்கிடுபவர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தச்சர், கன்னார், மணி கோப்பவர். ஒரு கோயில் நடக்க யாரெல்லாம் வேண்டுமோ எல்லாரும். ஆக, ஒரு பங்கு பெற்ற பெண்ணுக்குக் கீழேயும் ஆண்கள் இருந்தார்கள். மேலே பெண் யாரும் இல்லை.

காலியிடத்துக்கான விதி எனக்கு மிகவும் பிடித்தது. பங்குக்காரர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வந்து பணி செய்து பங்கு பெறலாம். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை அவர் அமர்த்த வேண்டும். உறவே இல்லையென்றால் அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கருணை அடிப்படை நியமனக் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை மேசைக்கு நடந்திருப்பேன்! வாரிசுச் சான்று, மறுமணம் செய்யவில்லை என்ற சான்று, இதர வாரிசுகளின் ஆட்சேபமின்மை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் தளிச்சேரியில் நான்கு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து முடித்திருக்கக்கூடிய காரியம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 400 பேரிடம் தஞ்சைக்கு வர விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரசன் ஆணை, வந்தார்கள். காளத்திக் கல்வெட்டு ஒன்றில் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சங்கதி வருகிறது: கோயில் பெண்கள் சிலர்மீது தவறாக அரண்மனை முத்திரை குத்திவிட்டார்கள், முறையீடு போனது, அரசன் அதைத் திருத்தி அவர்களைத் திரும்பச் சிவன் கோயிலுக்குக் கொடுத்து, சூலக்குறி இடச் செய்தான். முறையீடு செய்ய இடமிருந்தது என்று மகிழ்வதா, இரண்டு முத்திரையும் உடம்பில்தான் விழுந்தது என்று வருந்துவதா? பஞ்சக் காலத்தில் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிய கல்வெட்டுகளும் சோழ நாட்டில் இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்ணும் விலைக்கு வந்த அடிமையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒரே காலத்து, ஒரே கோயில் உலகம்.

இன்னொரு ஓரத்தில் செல்வமும் இருந்தது. ராஜேந்திரன் காலத்தில் திருவாரூர்க் கோயிலைக் கல்லால் எடுப்பித்துப் பொன்வேய்ந்தவர் அணுக்கியார் பரவை நங்கையார். பெரிய கோயிலிலேயே ராஜராஜன் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும் தன் தேவியர் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்னான். பெண் அதிகாரியைக் குறிக்க அதிகாரிச்சி என்ற பட்டமே சோழர் கல்வெட்டுகளில் உண்டு. கொடுக்கும் கை பெண்ணின் கையாக இருக்கத் தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருந்தது. பெரிய கோயில் பண்டாரத்துக்குப் பொறுப்பாளர்களை அனுப்பும்படி பிரமதேய ஊர்களுக்கு ராஜராஜன் ஆணையிட்டான். அனுப்பப்படுகிறவர் பொருளோ சம்பந்தமோ நிலமோ உடைய பிராமணராக இருக்க வேண்டும். பரிசாரகத்துக்குப் பிரமசாரிகள், கணக்குக்குக் கணக்கர், காவலுக்குத் திருமெய்க்காப்பு, எல்லாம் ஊர் ஊராகப் பங்கிட்டுக் கேட்டு வாங்கப்பட்டது. இந்த நீண்ட ஆணைகளில் பெண்ணுக்கு இடமில்லை. கருவறையும் இல்லை, கருவூலமும் இல்லை. சம்பளம் 100 கலம், சாவி பூஜ்யம்.

அடுத்து 14ஆம் நூற்றாண்டுத் திருவொற்றியூர். அங்கே தேவரடியார், பதியிலார், இஷபத்தளியிலார் என்ற பெண் குழுக்களுக்குள் யார் எந்தச் சேவையைச் செய்வது என்று நீண்ட வழக்கு. எந்த நாளில் யார் ஆடுவது, யார் பாடுவது, சாமி புறப்பாட்டில் யார் முன்னே நிற்பது. சம்புவராயர் காலத்தில் ஒரு தீர்ப்பு. அது நிற்காமல் விஜயநகரத்தார் காலத்தில் மறுபடி. அதிகாரிகளும் கோயிலாரும் ஊராரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்த்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்குள் சண்டை என்று சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயிலில் இடம்தான் வருமானம். முன்னே நிற்பவருக்கு ஒரு வீதம், பின்னே நிற்பவருக்கு ஒரு வீதம். இன்றும் பரிவட்டத்துக்காக உயர் நீதிமன்றம் வரை போகும் ஆண்களை யாரும் சிரித்துப் பேசுவதில்லை.

பங்கு பிறகு மானியமாயிற்று, மிராசு ஆயிற்று. நிலம் பெண்வழியில் இறங்கியது. பெண் பிள்ளை இல்லையென்றால் தத்தெடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோயில் வருமானம் கலெக்டர் கச்சேரிக்குக் கீழ் வந்து, புரவலர்கள் நொடித்துப்போனபோது, பங்கு சுருங்கியது, பெண்கள் வேறு ஆதரவைத் தேட வேண்டியதாயிற்று. அதன்பின் வந்த அவமானத்தை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. அதை உள்ளிருந்தே எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936இல் வந்தது.

முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயார் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். எதிர்த்து மனு எழுதியவர்களும் அதே சமூகத்துப் பெண்கள்தான். முன்னே நின்றவர்களில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் ஒருவர். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் மாட்டேன். 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒரு கணக்கரின் பார்வையில் மிக நேர்த்தியான வேலை: கோயில் ஊழியத்துக்கு ஈடாகப் பெண்கள் வைத்திருந்த மானிய நிலத்தை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கியது. பணி போகும், நிலம் போகாது. 1947இல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் வந்தது.

வர வேண்டிய சட்டம்தான். ஆனால் பட்டியலைப் பாருங்கள். தஞ்சைப் பக்கத்துக் கோயில்களில் இரண்டு மேளம் இருந்தன. நாகசுரமும் தவிலும் பெரிய மேளம், ஆண்கள். சதிர் ஆடியவர்களும் அவர்களோடு வாசித்தவர்களும் சின்ன மேளம். 1947க்குப் பிறகு பெரிய மேளம் கோயில் சம்பளத்தில் நீடித்தது. ஓதுவார் நீடித்தார். அர்ச்சகர், பரிசாரகர், சுயம்பாகி, மெய்க்காவல் எல்லாரும் நீடித்தார்கள். சின்ன மேளத்தின் வரி மட்டும் அடிக்கப்பட்டது. பொட்டைக் கழற்றிவிட்டு வேலையைக் கொடுத்திருக்கலாம்: அதே பெண்ணைப் பாடகியாக, ஓதுவாராக மாதச் சம்பளத்தில் வைத்திருக்கலாம். அப்படி ஒரு யோசனை யாருக்கும் தோன்றவில்லை.

நாகரத்தினம்மாள் வேறு வழியில் போனார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தது. 1920களில் தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிக் கோயில் எழுப்பினார். ஆராதனை நடத்திய பெரிய கட்சியும் சின்ன கட்சியும் பெண்களைப் பாட விடவில்லை. கட்டியவளே பாட முடியாது! அவர் பெண்கள் கட்சி என்று மூன்றாவது ஒன்றைத் தொடங்கி, தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாயின, பெண்களும் பாடலாம் என்றாயிற்று. தன் சொத்தையும் அந்தச் சமாதிக்கே எழுதிவைத்தார்; பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. 1952இல் காலமானார்.

நான் வேலை பார்த்த காலத்துக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தின் 39ஆம் பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. 1976இல் சம ஊதியச் சட்டமும் வந்துவிட்டது. எங்கள் கோயிலில் அந்தச் சட்டம் ஒரு நாள்கூட மீறப்படவில்லை. மீற வழியே இல்லை. அர்ச்சகரில் பெண் இல்லை, ஓதுவாரில் இல்லை, மேளத்தில் இல்லை, மெய்க்காவலில் இல்லை. பெண் இருந்த இடம் திருவலகு என்னும் பெருக்கும் பணி, பூத்தொடுப்பு, பிறகு அலுவலகத்தில் நான். திருவலகில் ஆண் வந்தால் அவனுக்கும் அதே சம்பளம்தான் கொடுத்திருப்போம், ஆண் வரவில்லை. சம வேலையைக் கொடுக்காத இடத்தில் சம ஊதியச் சட்டத்துக்கு வேலையே இல்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பட்டியல் சரி என்று பச்சை மையில் குறித்துவிட்டுப் போனார்கள்.

பட்டியலுக்கு வெளியே இன்னொரு பட்டியல் ஓடும். ஒரு பிரதோஷத்தன்று கூட்டம் கலைந்த பிறகு பூத்தொடுக்கும் அம்மாள் ஒருவர் கேட்டார்: “கணக்கரம்மா, தட்டுல விழுந்ததெல்லாம் எந்தக் கணக்குல எழுதுவீங்க?” எதிலும் எழுத மாட்டோம் என்றேன். உண்டியல் காசு கோயிலுக்கு, தட்டுக்காசு தட்டு ஏந்தியவருக்கு. பல சன்னிதிகளில் மாதச் சம்பளத்தைவிடத் தட்டு பெரியது. சின்ன ஊர்க் கோயில்களில் தட்டும் இல்லை, சம்பளமும் சில நூறு ரூபாய்தான், அந்த அர்ச்சகர் பாடு பரிதாபம். ஆனால் ஓதுவாருக்குத் தட்டு கிடையாது, திருவலகுக்கும் கிடையாது. சம்பள விகிதத்தை மட்டும் பார்த்துக் கோயிலில் யார் எவ்வளவு பெறுகிறார் என்று சொல்ல முடியாது. ராஜராஜன் கல்வெட்டு இந்த விஷயத்தில் எங்கள் பதிவேட்டைவிட நேர்மையானது.

2006இல் திருச்சி உறையூர்ப் பஞ்சவர்ணேஸ்வரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார். 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் இன்னொருவர். பிடாரர்கள் 48 பேரும் ஆண்களாக இருந்த அந்தப் பட்டியலுக்குப் பின் இது பெரிய மாறுதல். அர்ச்சகர் பணிக்கு வழி இன்னும் நெருக்கடியானது. 1971இல் வாரிசுரிமை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம், 1972இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை, 2007இல் பயிற்சிப் பள்ளிகள். பள்ளியில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். சாதிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதவு யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் கதவை முதலில் அசைத்தது கிராமம்தான். உசிலம்பட்டி வட்டாரத்தில் நல்லுத்தேவன்பட்டி துர்க்கை அம்மன் கோயிலில் தகப்பனார் பூசாரி. அவர் நோயில் விழுந்ததும் மகள் பூசை செய்தார். அவர் இறந்த பிறகு, பெண் பூசாரி கூடாது என்று ஊரில் ஒரு தரப்பு மறித்தது. அதிகாரிகளும் அந்தத் தரப்பின் பக்கமே சாய்ந்தார்கள். அந்தப் பெண் உயர் நீதிமன்றம் போனார். 2008இல் நீதிபதி சந்துரு, பெண் பூசை செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவிட்டார். வழக்குப் போட்டவர் கேட்டது தகப்பன் செய்த வேலையையும் அதன் வரும்படியையும்தான். தளிச்சேரி விதியும் அதையேதான் சொன்னது: உறவினர் வரலாம், தகுதி இருந்தால் போதும்.

2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மடியில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தேன். சான்றிதழ் கொடுத்த காட்சி அரை நிமிஷம்தான் ஓடியது.

துறையில் இப்போது நியமனக் கோப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, பழைய கணக்கராகச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. பயிற்சி முடித்த பெண்களைப் போடும்போது ஆள் வராத ஒருகால பூசைக் கோயிலில் தொகுப்பூதியத்தில் போட்டுவிட்டுச் சமத்துவம் வந்துவிட்டது என்று செய்திக்குறிப்பு வெளியிடாதீர்கள். கட்டளையும் கூட்டமும் உள்ள சன்னிதியில், காலமுறை ஊதியத்தில், முறைப்பட்டியலில் பெயர் எழுதிப் போடுங்கள். அந்தப் பெயரை ராஜராஜன் போட்டதுபோல எல்லாரும் படிக்கும்படி வெளிச்சுவரில் ஒட்டுங்கள், எதிரே தொகையையும் சேர்த்து.